தேனீக்களுக்கும் சொல்ல வேண்டும்

அப்பாவைப் புதைத்த நான்காம் நாள் பிற்பகலில் லோதர் தன் மனைவி இர்மாவையும் ஆறு வயது மகள் ட்ரூடியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பண்ணை வீட்டுக்குக் குடிவந்தான். அமெரிக்காவின் அயோவாவில் அது அக்டோபர் கடைசி. சோளம் அறுத்த வயல்கள் மொட்டையாகக் கிடந்தன. இது ஜெர்மன்காரன் வீடு என்று காட்டுவதற்காகத் தொழுவத்துக் கதவில் யாரோ வீசிய மஞ்சள் சாயம் இன்னும் போகவில்லை.

சாமான்களை இறக்கிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் பிளம் மரங்களின் கீழிருந்த தேன்பெட்டிகளைப் பார்க்கப் போனான். மொத்தம் பதினொன்று. ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்த அப்பா எக்கர்ட் நாற்பது வருடம் கண்ணும் கருத்துமாகக் காத்தவை. குளிர் வந்துவிட்டால் தேனீக்கள் வெளியே தலைகாட்டாது. பெட்டியில் காதை வைத்தால் மட்டும் மெல்லிய ரீங்காரம் கேட்கும். முதல் பெட்டியில் காதை வைத்தான்.

ஒன்றும் கேட்கவில்லை.

மூடியைத் திறந்தான். அத்தனையும் செத்து அடையோடு ஒட்டிக் கிடந்தன. உள்ளேயிருந்து அப்பாவின் புகையிலை வாசனை குப்பென்று வந்தது. அவர் தொட்டுப் புழங்கிய பெட்டிதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு மூடினான்.

லோதரைக் கோழை என்று சொன்னால் அவனுக்குப் பொல்லாத கோபம் வரும். ஆனாலும் உண்மை அதுதான். ஜெர்மனியோடு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பொது இடத்தில், தேவாலயத்தில், டெலிபோனில்கூட இங்கிலீஷ் தவிர வேறு பாஷை பேசக்கூடாது என்று உத்தரவு. அந்த வருடத்து விஷக்காய்ச்சலில் அப்பா போய்ச் சேர்ந்தபோது, ஊர்க் கண்காணிப்புக் குழுவைச் சேர்ந்த ப்ரூயிட் அழையாத விருந்தாளியாகக் கல்லறைக்கே வந்து நின்றான். அதனால் ஜெபம் இங்கிலீஷில் நடந்தது. பாட்டும் இங்கிலீஷில்தான். சவப்பெட்டிக்குள் படுத்திருந்த மனிதருக்கு அதில் ஒரு வார்த்தை புரிந்திருக்காது.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுத் தலைவர் இறந்தால் மகன் வாசல் சாவியால் ஒவ்வொரு தேன்பெட்டியையும் மூன்று முறை தட்டி, "எஜமான் இறந்துட்டார், இனிமே நான்தான்" என்று சொல்ல வேண்டும். தொழுவத்து மாடு குதிரைக்கும் சொல்ல வேண்டும். யாருக்குச் சொல்லவில்லையோ அவர்களை இறந்தவர் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்பார்கள். லோதரும் புதைத்த அன்றைக்கே தட்டினான். ப்ரூயிட் வேலியோரம் நின்றதால் இங்கிலீஷில், பாதிச் சிரிப்போடு சொல்லி முடித்தான்.

ட்ரூடிக்கு அதுகூட இல்லை. தாத்தா மில்வாக்கியில் அத்தை வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்தார்கள். பிஞ்சு மனதில் சாவைப் போட்டு ஏன் குழப்ப வேண்டும் என்பது இர்மாவின் யோசனை.

மறுநாள் இரண்டாவது பெட்டி ஓய்ந்தது. அதற்கு மறுநாள் மூன்றாவது.

பால் கறக்கும் அந்தி நேரத்தில் பின்படியில், அப்பா போடுவது போன்ற மரச்செருப்பு உரசும் சத்தம் கேட்கத் தொடங்கியது. சேற்றைத் துடைத்துவிட்டு உள்ளே வரும் ஆளின் சத்தம். கூடவே பால்வாளியின் பிடி ஒருமுறை கிணுகிணுக்கும். கதவைத் திறந்தால் யாரும் இருக்க மாட்டார்கள். படியில் மட்டும் ஈரச்சேறு இருக்கும்.

குடிவந்த பத்தாம் நாள் பத்தாவது பெட்டியும் ஓய்ந்தது. அன்றைக்குக் காலையில் கறவைப்பசுவும் கல்லறைப் பக்கம் கழுத்தை நீட்டியபடி செத்துக் கிடந்தது.

அந்தி சாயும்போது லோதர் வாசல் சாவியை எடுத்தான்.

"மறுபடியும் அந்தப் பூச்சிங்ககிட்டப் பேசப் போறியா?" என்றாள் இர்மா. "இங்கிலீஷ்ல சொன்னது தேனீக்குப் புரியலையாக்கும்?"

"தேனீயை விடு. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாதே, இர்மா. அவருக்கு இன்னும் யாருமே சொல்லல."



கடைசிப் பெட்டியை மூன்று முறை தட்டினான். சாலையில் ஏதோ மோட்டார் வண்டி வேகம் குறைத்து ஊர்ந்தது. ப்ரூயிட்டாகக்கூட இருக்கலாம். வந்தது வரட்டும் என்று உரத்த குரலில், ஜெர்மனில் சொன்னான். எஜமான் எக்கர்ட் இறந்துவிட்டார். பெட்டிக்குள் மெல்ல ரீங்காரம் எழுந்தது. தொழுவத்துக்குப் போய்ச் சொன்னான். குதிரைகள் காதை நிமிர்த்தின. புகையிலை வாசனை மெதுவாக விலகிப்போனது. அப்பாவுக்காக அவன் அழுதது அப்போதுதான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது இர்மாவின் முகம் வெளுத்திருந்தது.

"ட்ரூடி உன்கூட இல்லையா? ஜன்னல்கிட்ட நின்னு யார்கிட்டயோ பேசிட்டிருந்தா. உன்கிட்டன்னு நெனச்சேன்." குரல் இறங்கியது. "ஜெர்மன்ல பேசினா, லோதர்."

குழந்தைக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல்கூட யாரும் கற்றுத் தந்ததில்லை.

அவன் ஓடினான்.

கல்லறைக்குப் போகும் வண்டிப்பாதையில் ட்ரூடி நடந்துகொண்டிருந்தாள். வலது கை மட்டும் மேலே தூக்கியிருந்தது. உயரமான ஆள் ஒருவர் பிடித்துக் கூட்டிப்போவது போல.

பெயர் சொல்லி அழைத்தான். திரும்பவில்லை. முன்னால் போய் மண்டியிட்டு, "தாத்தா செத்துட்டாரும்மா" என்று இங்கிலீஷில் சொன்னான். அவள் அவனைத் தாண்டிப் பார்த்தாள். அதையே ஜெர்மனில் சொன்னான்.

தூக்கியிருந்த கை பொத்தென்று விழுந்தது.

"அப்ப ஏன் மில்வாக்கி போயிட்டார்னு சொன்ன?" என்று கேட்டாள். ஜெர்மனில்தான் கேட்டாள்.

ஐஸாகக் குளிர்ந்திருந்த அந்தக் கையைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அவளைத் தூக்கி வந்தான். கம்பளி போர்த்தி, சூடான பால் புகட்டி அடுப்பருகே படுக்க வைத்ததும் அவள் தூங்கிப்போனாள். மூச்சு சீராக இருந்தது. இனி ஒருவரும் பாக்கியில்லை என்று லோதர் சாவியை ஆணியில் மாட்டினான்.

இர்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள். "இந்தச் சாவு, இந்தக் குழப்பமெல்லாம் அடங்கட்டும்னு இருந்தேன். எனக்கு நாலு மாசம்."

அவன் மெல்ல நிமிர்ந்தான்.

"இன்னிக்குத்தான் முதல்முதலா அசையுது," என்று வயிற்றில் கை வைத்தாள். "மூணு தடவை தட்டுச்சு. இப்பவும் பாரு."

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். அவன் கண்ணோ ஆணியில் தொங்கிய சாவிக்குப் போனது; இன்னும் ஓர் உயிர் பாக்கி. மண்டியிட்டு அவள் வயிற்றருகே வாயை வைத்து ஜெர்மனில் சொன்னான். இங்கிலீஷில் சொன்னான். திரும்பத் திரும்பச் சொன்னான். எந்தப் பாஷையும் இன்னும் அறியாத உயிருக்கு வேறு எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அடுப்படியெங்கும் புகையிலை வாசனை நிரம்பியது.

பின்படியில் மரச்செருப்பு உரசியது.