வால் குதிரை

ஆடிப்பூரத் தேர் முடிந்த மறுநாள், மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி, ஒரு வாடகைக் கார் எங்கள் மாந்தோப்புக்குள் வந்து நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மலையைப் பார்த்து மேற்கே வருகிற மண்பாதை தோப்போடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் ஓடை. ஓடைக்கு அப்பால் காடு.

காரிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு ஐயாவும் அவர் மகளும் இறங்கினார்கள். ஐயா பெயர் ஸுந்தரராஜன், மெட்ராஸில் பேங்க் வேலை. பிள்ளை பெயர் காஞ்சனா. மலை உச்சி தெரியவில்லை. மேகம் அடிவாரம் வரைக்கும் இறங்கியிருந்தது. பட்டப்பகலிலேயே மரங்களுக்கு அடியில் ஆள் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது.

"குதிரைச் சவாரி உண்டுன்னு கோயில் வாசல்ல சொன்னாங்க. நாங்க இதுவரைக்கும் கழுதைமேல கூட ஏறினதில்லைப்பா" என்றார் ஐயா.

"ஏறினவுகளும் வருவாக, ஏறாதவுகளும் வருவாக சார். ஆளுக்குத் தக்கன குதிரை இருக்கு" என்றேன். வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்வதுதான் இது.

தோப்பு இராஜபாளையத்து மில் முதலாளி ஒருவருக்குச் சொந்தம். மில்லில் மெஷின் மாட்ட வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்குப் பொழுது போகட்டும் என்று குதிரைகளை வாங்கினார். பிறகு குற்றாலம் போகிறவர்கள், கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் வர ஆரம்பித்தார்கள். நான் முன் குதிரையில் போவேன். மற்றக் குதிரைகள் ஒன்றன் பின் ஒன்றாக என் பின்னால் வரும். தோப்பைச் சுற்றி, ஓடையைக் கடந்து, அக்கரையில் ஒரு பாறைப் பக்கம் போய் நிற்போம். அங்கேதான் எல்லோரையும் இறக்கி விடுவேன். சவாரி அதோடு முடிந்தது.

குதிரையின் முதுகில் சேணம். சேணத்தின் இரண்டு பக்கமும் தோல்வாரில் கால் வைக்கிற இரும்பு வளையம் தொங்கும். ஆள் உயரத்துக்குத் தகுந்தபடி வாரை ஏற்றி இறக்க அதில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஆண்களுக்கு நான் அளவு பார்ப்பேன். பெண்களுக்கு என் வீட்டுக்காரி சண்முகத்தாய் பார்ப்பாள். பெண்பிள்ளை காலை வேற்று ஆம்பளை தொடக்கூடாது என்பது முதலாளி வீட்டம்மாவின் உத்தரவு. அதனால் அந்த வார்களில் எங்கள் இரண்டு பேர் கையும்தான் படும். வேறு யாரும் தொட மாட்டார்கள்.

சவாரிக்கு ஒரே ஒரு சட்டம். நான் வந்து வளையத்தைப் பிடித்துக்கொண்டு "எறங்கு" என்று சொல்கிற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது. புதிதாக ஏறியவர்கள் பயத்தில் குதித்துக் காலை ஒடித்துக்கொள்வார்கள் என்பதால் வந்த சட்டம் அது.

எங்கள் மகள் செல்லக்கனிக்கு அந்தச் சட்டம் மனப்பாடம். வரிசையில் கடைசியாக வருவது பவுனு என்கிற மஞ்சள் நிறப் பெட்டைக் குதிரை. வால் குதிரை என்போம். அதன்மேல் கனியை உட்கார வைப்பேன். பயந்து நிற்கிறவர்களிடம், "பாருங்க சார், பால்பல் விழுந்த பிள்ளையே வருது" என்பேன். அவள் என்னை மாதிரியே குரலைக் கட்டையாக வைத்துக்கொண்டு, "மாமா, எங்கப்பா சொல்லாம எறங்குனீகன்னா திரும்ப நடந்துதான் வரணும், சொல்லிட்டேன்" என்பாள். வந்தவர்கள் சிரித்துச் சிரித்தே பயம் தெளிந்து ஏறிவிடுவார்கள்.

எண்பத்தாறில், கனிக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஐப்பசி மாதத்தில் நாங்கள் ஓடையைக் கடக்கும்போது மலைத்தண்ணீர் வந்தது. எங்கள் பக்கம் ஒரு தூறல் கூட இல்லை. மலையில் எங்கோ பெய்திருக்கிறது. நானும் வந்திருந்தவர்களும் கரை ஏறிவிட்டோம். பவுனு நடு ஓடையில் நின்றது. கனி கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு மருதமரத்துக் கிளை இருந்தது. எல்லோரும், "குதி பாப்பா, கிளையைப் பிடி" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். தண்ணீர் இரைச்சலில் எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

அவள் குதிக்கவில்லை. பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் கண்மாய் மடையில் கிடைத்தாள். பவுனு மட்டும் தப்பிக் கரையேறி, சேணத்தோடு வந்து லாயத்து வாசலில் நின்றது. சண்முகத்தாய் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவள் ஓடைப் பக்கம் கால் வைத்ததும் இல்லை.

வாலில் பவுனு வராவிட்டால் மற்றக் குதிரைகள் ஓடையில் இறங்க மறுத்தன. பழக்கம் அப்படி. அதனால் யாரையும் ஏற்றாமல், வளையங்களை மேலே தூக்கிக் கட்டி, வெறும் சேணத்தோடு அதைக் கூட்டிப் போவேன்.

கனி போய் ஒரு வருடம் கழிந்திருக்கும். ஒருநாள் காலையில் பவுனின் சேணத்தை எடுத்தபோது வார் ஒரு துளை கீழே இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும். பக்கிள் துருவேறிக் கிடந்தது. கையால் நெம்பினால் ஒழிய அது நகராது.

சண்முகத்தாய்தான் செய்திருக்கிறாள் என்று நினைத்தேன். பிள்ளை இருந்திருந்தால் இம்புட்டு வளர்ந்திருப்பாள் என்று கணக்குப் பார்த்து இறக்கியிருக்கிறாள். பெற்ற வயிறு. அதற்கு இது ஒரு ஆறுதல் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். நான் கேட்கவில்லை. அடுத்த வருடமும் இறங்கியிருந்தது. அதற்கடுத்த வருடமும். ஒரு வருடம் மட்டும் ஒரேயடியாக இரண்டு துளை. நான் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. லாயத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு வந்து புல் அறுக்கப் போனேன்.

அன்றைக்குக் காஞ்சனாவுக்கு என்று வைத்திருந்த சாதுவான குதிரைக்கு லாடம் கழன்றிருந்தது.

"அந்த மஞ்சள் குதிரை சும்மாதானே நிக்கறது. அதைக் கொடேன்" என்றார் ஐயா.

சண்முகத்தாய்தான், "குடுங்க. ஒண்ணும் செய்யாது" என்றாள். பவுனின் பக்கத்தில் அந்தப் பிள்ளையை நிறுத்தி, விரல் நுனியைச் சேணத்தில் வைக்கச் சொல்லி, தூக்கிக் கட்டியிருந்த வளையங்களை அவிழ்த்து, ஒன்றை அதன் கைக்கு அடியில் இழுத்துப் பிடித்தாள். வளையம் அக்குளில் வந்து சரியாகப் பொருந்தினால் அதுதான் அளவு.

பொருந்தியது. ஒரு துளை ஏற்ற வேண்டாம், இறக்க வேண்டாம்.

"ஒனக்கு என்ன வயசு தாயி?"

"பதினாறு ஆன்ட்டி."

சண்முகத்தாய் என்னைக் குதிரைக்கு மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனாள். கண் கலங்கியிருந்தாலும் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது. அப்படி அவளை நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"நீங்க சரியாத்தான் எறக்கிட்டு வந்திருக்கீக. நம்ம பிள்ளைக்கும் இப்ப பதினாறு" என்றாள் மெதுவாக.

"எதை எறக்குனேன்?"

"வாரைத்தான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீகளாக்கும்."

"நான் எறக்கலட்டி. நீதான எறக்குத?"

அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"வெளையாடாதீக."

"கனி மேல சத்தியமா நான் தொடல."

மாமரத்து இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு குருவிச் சத்தம் கூட இல்லை.

"ஒரு வருசம் ரெண்டு துளை எறங்குச்சே. பிள்ளை பெரிய மனுசி ஆகுற வயசுன்னு நீங்க நெனச்சு எறக்கிருக்கீகன்னு நான் அன்னைக்கு உளுந்தங்களி கிண்டி ஒங்க தட்டுல வச்சேன். எதுக்குன்னு நீங்களும் கேக்கல."

"என் இடுப்பு வலிக்குன்னு நீ குடுத்தன்னு நெனச்சேன்."

நாங்கள் இப்படி நிற்கும்போதே ஐயா மகளைத் தூக்கிச் சேணத்தில் உட்கார வைத்துவிட்டார். பவுனு அசையவில்லை. அதன் காதுகள் மட்டும் பின்னால் திரும்பின. எனக்கு மூக்கில் ஒரு வாடை வந்து ஏறியது. ஓடை மண் வாடை. அதோடு நனைந்த தலைமுடியின் எண்ணெய் வாடை.

"அங்கிள்." அந்தப் பிள்ளை குரலே எழும்பாமல் கூப்பிட்டது. "கால் வைக்க முடியலை."

"அளவு சரியாத்தான இருக்கு தாயி?"

"இல்லை. உள்ள கால் இருக்கு."

"என்னது?"

"வளையத்துக்குள்ள ஏற்கெனவே வேற கால் இருக்கு. ஜில்லுன்னு இருக்கு."

ஐயா சிரித்தார். "இவ பல்லியைப் பாத்தாலே தெருவுக்கு ஓடிடுவாப்பா" என்று சொல்லிக்கொண்டே குனிந்து வளையத்தைப் பார்த்தார். அப்போது மலைக் காற்று ஒன்று அடித்தது. குதிரையின் வால் பறந்தது. அந்தப் பிள்ளையின் தாவணி பறந்தது. மற்றக் குதிரைகளின் வளையங்கள் எல்லாம் கிலுகிலுவென்று ஆடின.

பவுனின் வளையம் ஆடவில்லை.

வார் விறைத்து, பாரம் தாங்கி நின்றது.

சண்முகத்தாய் பிள்ளையை இடுப்பைப் பிடித்து இறக்கினாள். ஐயா கீழே கழன்று கிடந்த மகளுடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவளை அணைத்தபடி காருக்கு நடந்தார். கார் தோப்பை விட்டுப் போகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

சண்முகத்தாய் வெறும் சேணத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏழு வருசமா எறங்காமலே உக்காந்திருக்காளே. யாருமே எறக்கி விடலையே."

நான் வளையத்தைப் பிடித்தேன். ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. "எறங்கு தாயி" என்றேன். வார் அப்படியேதான் நின்றது.

"இங்கன எறங்க மாட்டா. சவாரி முடியலைல்ல" என்றாள் அவள். "வாங்க, அக்கரைக்குப் போவோம்."

முன் குதிரையை நான் பிடித்துக்கொண்டேன். பவுனு பின்னால் வந்தது. அதன் பக்கத்தில், சேணத்தில் ஒரு கையை வைத்தபடி சண்முகத்தாய் நடந்து வந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. ஓடையில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் இறங்கினாள்.

நடு ஓடையில் பவுனு நின்றது.

அதே இடம்.

மருதமரத்துக் கிளை தலைக்கு மேலே லேசாக அசைந்தது. தண்ணீர் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது. குதிரை மூச்சு விடுகிறது. நான் மூச்சு விடுகிறேன். அவள் மூச்சு விடுகிறாள். இன்னொரு மூச்சும் கேட்டது. சின்னதாக, திக்கித் திக்கி, அழுது முடித்த பிள்ளையின் மூச்சு.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பயம்தான். பெற்ற பிள்ளைக்குப் பயந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் பயம்தான்.

"ஒண்ணுமில்ல தாயி, அம்மா கூடத்தான வாரேன். செத்த நேரந்தான்" என்றாள் சண்முகத்தாய்.

பவுனு நடந்தது.

அக்கரைப் பாறைக்குப் போய்க் குதிரை தானாக நின்றது. நான் சுற்றி வந்து வளையத்தைப் பிடித்தேன். சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு சேணத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். சண்முகத்தாய் அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள்.

"சொல்லுங்க. பிள்ளைக்குக் கால் கடுத்துப் போயிருக்கும்."

"எறங்கு" என்றேன்.

கையில் இருந்த பாரம் விட்டுப் போனது. வளையம் காற்றில் ஆட ஆரம்பித்தது. பவுனு உடம்பைச் சிலிர்த்து, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது.

என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. சண்முகத்தாய் முந்தானையை எடுத்து, யாருக்கோ தலை துவட்டுகிற மாதிரி வெறும் காற்றைத் துடைத்தாள். அவள் கை அவளுடைய தலைக்கும் மேலே எம்பியது.

"என்னைய விட வளந்துட்டா" என்றாள்.

திரும்பும்போது ஓடையில் இறங்காமல் கொஞ்சம் தள்ளி இருக்கிற தரைப்பாலத்து வழியாக வந்தோம். அவள் முன்னால் நடந்தாள். நான் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். சாரல் விட்டிருந்தது. பாதை முழுக்க ஈரச் செம்மண். அதில் சண்முகத்தாயின் செருப்புத் தடம் ஒழுங்காகப் பதிந்துகொண்டே போனது.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு தடம் பதிந்துகொண்டு வந்தது. செருப்பில்லாத கால். வளர்ந்த பெண்ணின் கால். ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் ஊறி நின்றது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்துகொண்டே சொன்னாள்:

"குதிரைகளை ஓரமாக் கூட்டிட்டு வாங்க. மிதிச்சிறாதீக."