மூன்று மணிக்குத் திரும்பும் கண்

பூட்டுக்காரரின் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சாவியைத் தொலைத்தவர்கள். ஆகவே எரிச்சலோடுதான் வருவார்கள். அன்று நண்பகலில் வந்த தையற்காரப் பெண்ணின் முகத்தில் எரிச்சல் இல்லை. வாசலில் நின்று தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டு, அதன்மேல் கைக்குட்டையையும் போட்டு மூடினாள். அதற்குப் பிறகே வாய் திறந்தாள்.

"அண்ணே, இரும்புப் பூட்டு மட்டும்தான் திறப்பீங்களா?"

பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். "எதைத் திறக்கணும், சொல்லும்மா."

"வைஃபை பெட்டி. பாஸ்வேர்டு மறந்துபோச்சு."

ஓரத்தில் அமர்ந்திருந்த பூட்டுக்காரரின் மைத்துனர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முப்பது ஆண்டு பேருந்தில் சீட்டுக் கிழித்து ஓய்வு பெற்ற கண்டக்டர் அவர். துப்பு என்றால் அவருக்குப் பசி தெரியாது. "இதுக்கா இப்படி நடுங்கறீங்க?"

"பாஸ்வேர்டுக்காக நடுங்கலண்ணே. எங்க வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க. கண்ணுக்குத் தெரியல."

அவளுடைய கணவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். இரண்டு மாதங்களுக்கு முன் வேலையிடத்தில் தவறி விழுந்து தலையில் அடிபட்டு, மூன்று வாரங்களுக்கு முன்புதான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். இன்னும் எழ முடியவில்லை. பேச்சும் ஒன்றிரண்டு சொற்களே. எந்த நேரமும் வலிப்பு வரலாம். வந்தால் உடனே ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், இல்லையேல் மூச்சு அடைத்துவிடும். முன்னறையில் தைத்தபடியே அவரைப் பார்த்துக்கொள்ள, அவர் விழுவதற்கு முன்பே வாங்கியிருந்த ஒரு சிறிய கேமராவைப் படுக்கையறை அலமாரியில் வைத்திருந்தாள். அது காட்டுவது அவளுடைய கைப்பேசியில் தெரியும்.

"அவர் வீட்டுக்கு வந்த மறுநாள்லேருந்து, மூணு மணியானா அது தானாத் தலைய திருப்புது. நான் தொடறதில்ல. அவரால கையத் தூக்கவே முடியாது. ஒரு நாள் துணியப் போட்டு மூடினேன். துணியப் போட்டா அவரை நான் பாக்க முடியல. எடுத்தா எங்களை எவனோ பாக்கறான். நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க!"

"வேற ஏதாவது நடந்துச்சா?"

"ரெண்டு தடவ போன் வந்துச்சு, ரெண்டும் தெரியாத நம்பர். எடுத்தா பேச்சே இல்ல, மூச்சு மட்டும். பயந்துபோய் அவர்கிட்ட ஓடினேன். ரெண்டு தடவயும் அவருக்கு வலிப்பு. பட்ட காலிலே படும்னு சும்மாவா சொன்னாங்க."

பூட்டுக்காரர் அதைக் கேட்டுத் தலையைச் சற்றுச் சாய்த்தார். ஆனால் வேறொன்றைக் கேட்டார். "மாடியில யாரு?"

"கம்ப்யூட்டர் வாத்தியார். இப்ப இவர்கூட அவர்தான் உக்காந்திருக்கார். பெட்டியோட செட்டிங்ஸுக்குள்ள போனா உள்ள யார் வந்திருக்காங்கன்னு தெரியும், ஆனா அதுக்கு இவர் போட்ட பாஸ்வேர்டு வேணும்னு சொன்னார். இவர்கிட்ட கேட்டேன். உதடு அசையுது, கண்ணுல தண்ணி வருது, சொல் வரல. வாத்தியார், பின்னாடி இருக்கற ஓட்டைல ஊசியால ஒரு குத்துக் குத்திடுங்க, எல்லாம் புதுசாயிடும்னார்."

"குத்தினியா?" பூட்டுக்காரர் எழுந்தே விட்டார்.

"இல்லண்ணே."

"நல்லவேளை. வா, போவோம்."

போகும் வழியில் அவர் ஒரு கதை சொன்னார். ஒரு முயல் பயந்து பயந்து தன் வளைக்கு ஏழு வாசல் தோண்டியதாம். ஆறு வாசலை நினைவாக அடைத்துவிட்டு, ஏழாவதை மறந்துபோனதாம். அன்று இருட்டில் ஏழாவது வாசல் வழியாக ஏதோ ஊர்ந்து வந்ததாம்.

"என்ன வந்துச்சு?" என்றார் கண்டக்டர்.

"முயலுக்கும் தெரியல மாப்பிள்ளை. அதனாலதான் அது அப்படி நடுங்குச்சு."

வீட்டை அடைந்தபோது மணி இரண்டரை தாண்டியிருந்தது. முன்னறையில் தையல் எந்திரம், பாதி தைத்த சட்டைகள், பித்தானும் ஊசியும் நிறைந்த ஒரு நீல அட்டைப் பெட்டி. பீரோவின் மேல் வைஃபை பெட்டி மூன்று பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சிமிட்டலைப் பார்க்க மாட்டாமல் தையற்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, பையிலிருந்த கைப்பேசியை எடுத்து மறுபடி இயக்கினாள். உள்ளறையில் நோயாளி கண்மூடிக் கிடந்தார். அந்த அறையின் வாசற்படியில் வாத்தியார் வியர்த்து நின்றார். கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சன்னல் அருகே காவலுக்கு நின்றுகொண்டார்.

பூட்டுக்காரர் பெட்டியைத் தூக்கினார். அது பூனைக்குட்டியின் வயிற்றைப் போலக் கதகதப்பாக இருந்தது. கவிழ்த்தார். அடிப்புறத்தில், பெயரும் கடவுச்சொல்லும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. மூலைகளை வளைவாக நறுக்கி, ஒரு சுருக்கமோ குமிழோ இல்லாமல் ஒட்டிய தாள். ஓரத்தில் பென்சிலால், கடுகளவு எழுத்தில், 14 என்று ஓர் எண்.

"ஐயோ, சீட்டைக் காணோம்!" என்று வாத்தியார் பதறினார்.

"ஊசியால குத்தியிருந்தா என்ன ஆயிருக்கும், வாத்தியாரே?"

வாத்தியார் யோசித்தார், அவர் முகம் வெளிறியது. "பெட்டி பழையபடி, கம்பெனி போட்ட பாஸ்வேர்டுக்கே திரும்பியிருக்கும்."

"அந்த பாஸ்வேர்டு இருக்கற சீட்டு இப்ப இன்னொருத்தர் கையில. யார் வந்து போனாங்கங்கற பதிவும் அழிஞ்சிருக்கும். திருடனுக்குக் கதவையும் திறந்து, கால்தடத்தையும் பெருக்கிவிட்ட மாதிரி."

"குத்தச் சொன்னது யாருன்னு நான் ஞாபகப்படுத்தணுமா?" என்று கண்டக்டர் சன்னலிலிருந்து முழங்கினார்.

"சும்மா இரு மாப்பிள்ளை. வெளியே என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்ல. எதிர்த்த ஸ்டாப்புல குடையால மூஞ்சிய மறைச்சுக்கிட்டு ஒரு அம்மா. மூணு வண்டி காலியா வந்து போச்சு, ஒண்ணுலயும் ஏறல. என் வண்டியா இருந்தா கையப் பிடிச்சு ஏத்தியிருப்பேன்."

பூட்டுக்காரர் தையற்காரியிடம் திரும்பினார். "பதினாலாம் தேதி யாரெல்லாம் வந்தாங்க?"

அவள் அளவுக் குறிப்பேட்டைப் புரட்டினாள். "பதினாலு... அவரைக் கூட்டிட்டு வந்த நாள். கட்டிலைத் தூக்க வாத்தியார் வந்தார். வைஃபை கம்பியை இடம் மாத்தி மாட்ட இணைப்புக்காரர் வந்தார். அப்புறம் எங்க நாத்தனார், அவரோட அக்கா. லைப்ரரில வேலை பாக்கறாங்க. அங்க வாயத் திறக்காத மனுஷி, எல்லாத்தையும் சேர்த்துவெச்சு இங்க வந்து கத்தினாங்க. அவர் ஏணியிலேருந்து விழலயாம், என்னாலதான் விழுந்தாராம். நான் ராத்திரி பகலாத் திட்டித்தான் அவர் புத்தி தடுமாறிப்போச்சாம். வெளிய போங்கன்னு கதவைச் சாத்தினேன். அவங்க நம்பரையும் அடைச்சுட்டேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பூட்டுக்காரர் வைஃபை பெட்டியை மறுபடி பீரோவின் மேல் வைத்தார்.

"உன் வீட்டுக்காரர் பாஸ்வேர்டை மறக்கலம்மா. அவர் புதுசா ஒண்ணு போடவே இல்ல. எதைச் சொல்றதுன்னு தெரியாமத்தான் அழுதிருக்கார்."

"அது எப்படிண்ணே உங்களுக்குத் தெரியும்?"

"சீட்டை எடுத்தவரோட காரியமே சொல்லுது. உன் வீட்டுக்காரர் பாஸ்வேர்டை மாத்தியிருந்தா அந்தச் சீட்டு செல்லாக்காசு. ஆனா சீட்டு போன மறுநாளே கேமரா திரும்ப ஆரம்பிச்சிடுச்சு. அப்ப அந்தச் சாவி இன்னும் பூட்டுல சேருது. இந்தப் பெட்டி வாங்கின அட்டை டப்பா எங்க?"

அவள் நீலப் பெட்டியைக் காட்டினாள். பித்தான்களை மேசைமேல் கொட்டினார்கள். பக்கவாட்டில், நூல்கண்டு உரசி மங்கிய அதே ஒட்டுச்சீட்டின் இரட்டைப் பிரதி இருந்தது. பூட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தம் கைப்பேசியில் அடித்தார். வைஃபையோடு பெட்டியின் செட்டிங்ஸும் அதே எழுத்துகளுக்குத் திறந்தது. அதில் இணைந்திருந்தவை மூன்று: தையற்காரியின் கைப்பேசி, கேமரா, பூட்டுக்காரரின் கைப்பேசி.

மணி மூன்றாக இரண்டு நிமிடம் இருந்தது. எல்லோரும் உள்ளறைக்குள் வந்தார்கள்; கண்டக்டர் அங்கிருந்த தெருச் சன்னலோரம் நின்றார். படுக்கையில் இருந்தவரின் மூச்சு மட்டும் ஏறி இறங்கியது.

மூன்று மணி. பட்டியலில் நான்காவதாக ஒரு வரி முளைத்தது. பெயரில்லாத ஒரு கைப்பேசி.

அலமாரியில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். கேமராவின் கறுப்புக் கண் மெல்லத் திரும்பியது. கண்டக்டர் திரைச்சீலைக்குப் பின்னால் ஒதுங்கினார். வாத்தியார் சுவரோடு ஒட்டினார். அந்தக் கண் தையற்காரியை நோக்கி வந்தது. அவள் கணவனின் கட்டிலை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள். கண் அவளைக் கடந்தது. கட்டிலின் மேல் வந்து, சற்றுக் குனிந்து, நோயாளியின் மார்புக்கு நேரே நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது.

"அண்ணே, அணைச்சிடுங்க," என்றாள், சத்தமே வராமல்.

"பயப்படாம பாரு. தினமும் இங்கதானா நிக்குது?"

"அப்பல்லாம் நான் ஓடிடுவேண்ணே. எங்க நிக்குதுன்னு பாத்ததே இல்ல."

"உன்னைப் பாக்க வந்தவன் உன்மேல நிறுத்தியிருப்பான். வீட்டை நோட்டம் விட வந்தவன் கதவுமேல நிறுத்தியிருப்பான். இது மூச்சு ஏறி இறங்கறதை எண்ணுது." பூட்டுக்காரர் கட்டில் விளிம்பில் அமர்ந்தார். "மூணு பேர் வந்தாங்கன்னு சொன்னே. இணைப்புக்காரருக்குச் சீட்டைத் திருட வேண்டியதில்ல. பெட்டியைக் கொடுத்தவரே அவர், நம்பர் அவர் கிட்டயே இருக்கும். வாத்தியார் மாடியிலயே இருக்கார். பாக்கணும்னா நாள் முழுக்கப் பாக்கலாம், மூணு மணி வரைக்கும் காத்திருக்க மாட்டார்."

"பாத்தீங்களா!" என்றார் வாத்தியார், கண்டக்டரிடம்.

"இப்ப அந்த வெள்ளைச் சீட்டு. திருடினவன் சீட்டைக் கிழிச்சுட்டுப் போவான். வெறும் இடத்தைப் பத்தி அவனுக்கு என்ன கவலை? இங்க எடுத்த இடத்துல அதே அளவுக்கு இன்னொண்ணு ஒட்டியிருக்கு. எடுத்த தேதி, அதுவும் பென்சில்ல. ஒண்ணை எடுத்தா அந்த இடத்துல ஒரு சீட்டு வைக்கணும், தேதி போடணும்னு கை பழகினவங்க யாரு? இது திருட்டு இல்லம்மா. இரவல்."

தையற்காரியின் முகம் மாறியது. "லைப்ரரி..."

"மதியம் சாத்தி மறுபடி திறப்பாங்க இல்லியா? அந்த இடைவேளை அவங்களுக்குச் சொந்தம். ஆனா இந்தப் பெட்டியோட கை ரொம்ப நீளாது. தெருவைத் தாண்டினாலே அதிகம். மாப்பிள்ளை, அந்த அம்மா இன்னும் ஸ்டாப்புலதானே இருக்காங்க?"

கண்டக்டர் திரைச்சீலையை விலக்கினார். செருப்புக்கூட மாட்டாமல் ஓடினார்.

திரும்பி வரும்போது அவருக்குப் பின்னால் மடக்கிய குடையுடன் ஒரு நடுத்தர வயதுப் பெண் வந்தாள். நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள். கையிலிருந்த கைப்பேசியில் அவள் தம்பியின் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"கட்டில் தூக்கற சந்தடியிலயே எடுத்துட்டேன்," என்றாள். "இந்த வீட்ல நீ என்னை நிக்கவிட மாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. எழுத்து பொடியா இருந்தது, படம் எடுத்தா மங்கலா விழுந்தது. கேமராவைத் திருப்பறது எப்படின்னு முன்னாடியே அவன்தான் எனக்குச் சொல்லித் தந்தான்."

"மூணு வாரமா நான் செத்து செத்துப் பொழைச்சேன், அண்ணி! எவனோ கழுத்தறுக்க வரான்னு நெனச்சு கத்திரிக்கோலத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுப் படுத்தேன். போன்ல மூச்சு மட்டும் விட்டது யாரு?"

"நான்தான். ஸ்டாப்புல நின்னவங்க போனை வாங்கி அடிச்சேன். அவன் கை இழுக்க ஆரம்பிச்சது இதுல தெரிஞ்சது. என் குரல் கேட்டா நீ வெச்சிடுவே. பயந்தா நீ அவன்கிட்ட ஓடுவேன்னு முதல் தடவயே தெரிஞ்சுபோச்சு."

தையற்காரி எதையோ மனத்துக்குள் ஒட்டவைத்துப் பார்ப்பவள் போல் நின்றாள்: இரண்டு அழைப்பு, இரண்டு வலிப்பு.

"நான் திட்டித்தான் அவர் விழுந்தார்னு சொன்னீங்களே," என்றாள் பிறகு.

நாத்தனார் தலை குனிந்தாள். "மூணு வாரமா பாத்தேன். நீ ஊட்டறதையும், அவன் துப்பறதையும், துடைச்சுட்டு மறுபடி ஊட்டறதையும் பாத்தேன். அதைச் சொன்ன வாயோட இந்தப் படிய எப்படி மிதிக்கறது? அதான் பஸ் ஸ்டாப்புலயே உக்காந்துட்டேன்."

அவள் கைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்தாள். முதற்பக்கத்தில் அந்த ஒட்டுச்சீட்டு, ஓரம்கூடக் கிழியாமல் இருந்தது.

பூட்டுக்காரர் தம் கைப்பேசியைத் தையற்காரியிடம் நீட்டினார். "புது பாஸ்வேர்டு போடும்மா. நாங்க திரும்பிக்கறோம்."

எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். நாத்தனாரும் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தையற்காரி நீண்ட நேரம் தயங்கித் தயங்கி ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். முடிந்ததும் பெட்டியின் விளக்குகள் ஒரு கணம் அணைந்து, மீண்டும் எரிந்தன. வாசலில் நின்றவளின் கைப்பேசியில் தம்பியின் படம் உறைந்து, இருண்டது. அவள் அதை மெல்லப் பைக்குள் போட்டுக் குடையை எடுத்தாள்.

"எங்க போறீங்க?" என்றாள் தையற்காரி. குரலில் கோபம் இன்னும் முழுதாக ஆறியிருக்கவில்லை. "மூணரைக்கு அவருக்கு மாத்திரை. தலையத் தூக்கிப் பிடிக்க எனக்கு ரெண்டு கை போதல. உள்ள வாங்க."

தெருவில் இறங்கி நடக்கும்போது கண்டக்டர் கேட்டார்: "அத்தான், அந்த ஏழாவது வாசல்ல என்னதான் வந்துச்சு?"

"இன்னொரு முயல், மாப்பிள்ளை. அதுவும் நடுங்கிக்கிட்டேதான் வந்துச்சு."

சன்னல் வழியே பார்த்தபோது நாத்தனார் கட்டிலருகே நின்று, வைஃபை பெட்டியைக் கவிழ்த்து வைத்து, வெள்ளைச் சீட்டை நகத்தால் நெகிழ்த்திக்கொண்டிருந்தாள். பழைய சீட்டு இனி எந்தப் பூட்டையும் திறக்காது. இருந்தும் அவள் அதை அதன் இடத்தில் நேராக ஒட்டினாள். பிறகு பென்சிலை எடுத்து, வெள்ளைச் சீட்டில் 14 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினாள்.