பதினேழாவது பள்ளம்

காலையில் வரைபடத்தில் பதினாறு பள்ளங்கள்தான் இருந்தன. உதயா இரண்டு முறை எண்ணியிருந்தான். டீ குடித்துவிட்டு வந்து மூன்றாம் முறையும். பிற்பகல் மூன்று மணிக்கு அச்சாகி வந்த தாளில் பதினேழு.

குவேசார் என்பது ஆயிரம் கோடி ஒளியாண்டுக்கு அப்பால் எரியும் ஒரு வெளிச்சம். அது நம்மிடம் வந்து சேரும் வழியில், அண்டவெளியில் சும்மா கிடக்கும் வாயு மேகங்கள் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு வாய் தின்றுவிடும். தின்ற இடம் வரைபடத்தில் கருப்புப் பள்ளமாக விழும். பள்ளம் எங்கே விழுகிறது என்பதை வைத்து மேகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். மேகத்தை மட்டும் பார்க்க முடியாது.

“நம்ம ஊரு மந்திரி மாரி,” என்றாள் சிவசங்கரி ஒருமுறை. “ஆளு கண்ணுல படமாட்டாரு. துன்னது மட்டும் தெரியும்.”

உதயாவோடு ஆராய்ச்சி செய்தவள். அந்தப் பதினாறையும் அளந்தவள் அவள்தான். நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவரின் மகள். இரண்டு வருடம் அளந்தாள். பிப்ரவரியில் உதயா அதைக் கட்டுரையாக்கி, தன் பெயரை மட்டும் போட்டு அமெரிக்காவுக்கு அனுப்பினான். மார்ச்சில் மஞ்சள் காமாலையில் படுத்தவள், பார்க்கப் போனவனிடம் கேட்டது ஒன்றுதான்.

“என் நோட்டு உங்கிட்டதானே கீது?”

“கைடு சார்கிட்ட கீது,” என்றான்.

ஐந்தாம் நாள் இறந்துபோனாள். இறந்தவர்களுக்கு விசா தேவைப்படாது என்பது உதயாவின் வாதம். யாரும் கேட்காததால் அதை அவன் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அது தொண்ணூற்று ஒன்பதாம் வருடம். கம்ப்யூட்டரை மூன்று மாதம் படித்த கூட்டாளி நாகபூஷணம் நியூஜெர்சியில் பனியில் நின்று கார்மேல் சாய்ந்து போட்டோ அனுப்பினான். வானத்தை ஐந்து வருடம் படித்த உதயா ரேணிகுண்டாவைத் தாண்டவில்லை. இப்போதுதான் அமெரிக்காவில் ஒரு பேராசிரியர், தன்னிடம் ஆராய்ச்சி செய்ய இடம் தருவதாக எழுதியிருந்தார். ஒரே நிபந்தனை. திங்கட்கிழமைக்குள் இறுதி வரைபடம் வர வேண்டும். அதில் விளக்கமில்லாத பள்ளம் ஏதும் இருந்தால், அளந்தவர் யாரோ அவரே விளக்கம் எழுத வேண்டும்.

இன்று ஞாயிறு. திருப்பதி வெயில் வெளியே தாரை உருக்கிக்கொண்டிருந்தது. கணினி அறையின் ஜன்னல்களில் கருப்புத் தாள் ஒட்டியிருந்ததால் உள்ளே எப்போதும் ஏழு மணிபோல ஒரு மங்கல். அட்டெண்டர் அண்ணாதுரை கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

“இன்னா உதயா, ஞாயித்துக்கெழம கூட வுட மாட்டியா?”

“நாளைக்கி அனுப்பணும்ணா.”

“அந்தப் பொண்ணோட நைனா நேத்து வந்தாரு. பொட்டி, துணி எல்லாம் எடுத்துக்கினு போனாரு. நோட்டு ஒண்ணு காணோம்னாரு. நீ பாத்தியா?”

“இல்லண்ணா.” நோட்டு அவன் முதுகுக்குப் பின்னால், பீரோவில் இருந்தது.

“அஞ்சு மணிக்கு பூட்டிக்கினு போவேன்.” கதவு மூடியது.

கருவியில் ஏதாவது கோளாறு இருக்கும் என்று உதயா முடிவுசெய்தான். அதற்கு ஒரு வழி உண்டு. திரையில் கெட்ட புள்ளிகளை நீக்கிவிட்டு, பள்ளத்தின் இரு கரைகளையும் சேர்த்து ஒட்டுப்போடுவது. பிப்ரவரியில் ஒரு பெயரை நீக்கியபோதும் இப்படித்தான், தழும்புகூடத் தெரியவில்லை. பதினேழாவது பள்ளத்தின் தூரம் தொள்ளாயிரம் கோடி ஒளியாண்டு. ஒட்டினான். அச்சிட்டான்.

பிரிண்டர் தறிபோல டக்டக்கென்று அடித்து, தாளை முன்பக்கமாகத் தள்ளியது. பதினேழு. இடம் மட்டும் மாறியிருந்தது. முந்நூறு கோடி.

மறுபடி ஒட்டினான். இரண்டு கோடி.

புளித்த கஞ்சியும் இயந்திர எண்ணெயும் கலந்த ஒரு வாடை முதலில் கதவருகே இருந்தது, பிறகு பீரோவருகே, பிறகு நாற்காலியின் முதுகருகே, சிவசங்கரி நகரியிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கும் திங்கட்கிழமைகளில் அவள் தாவணியில் ஒட்டிக்கொண்டு வரும் அதே தறிக்கூடத்து வாடை.

அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் அது கிட்டே வருகிறது. தொள்ளாயிரம் கோடியிலேயே விட்டிருந்தால் அங்கேயே இருந்திருக்கும்.

கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்தான். தன் பெயருக்கு முன்னால் கர்சரை வைத்தான். அவள் பெயரின் முதல் எழுத்தை அடித்தான். கர்சர் சிமிட்டியது. பனி. கார். நாகபூஷணத்தின் பல்.

எழுத்தை அழித்தான். வரைபடத்துக்குப் போய்க் கடைசியாக ஒருமுறை ஒட்டினான்.

தாள் வந்தது. பதினேழாவது பள்ளம். தூரம், பூஜ்யம்.

திரை மங்கியது. டியூப்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதன் வெளிச்சம் அவன்வரை வரவில்லை. நடுவில் எதுவோ.

கதவு திறந்தது. அண்ணாதுரை. பீரோவைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார்.

“அண்ணா, இங்கதான் கீறேன்.”

“லைட்டு, ஃபேனு எல்லாம் போட்டது போட்டமாரி வுட்டுட்டு எங்கியோ பூட்டான்,” என்றார் அவர், நாற்காலியிடம். இரண்டையும் அணைத்தார். கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. தொடவில்லை. பூட்டு விழுந்தது.

பிரிண்டர் தானாக ஓடத் தொடங்கியது.

கோடு இல்லை. எழுத்து இல்லை. முழுக் கருப்பு. தாள் மேசை விளிம்பைத் தாண்டி இறங்கியது. அவன் கையை நீட்டினான். தாள் நிற்கவில்லை. கஞ்சி வாடை காதோரம் மூச்சு விட்டது. சூடாக.

தாள் நாற்காலியில் விழுந்தது. மடிப்புமேல் மடிப்பாக. எங்கும் மேடு தட்டாமல், காலி இருக்கையில் விழுவதுபோலச் சமமாக.

அவன் அதில்தான் உட்கார்ந்திருந்தான்.