அந்த நாலு சில்லும் எங்கே?

பனியில் ஒரு உடல் கிடந்தது.

மொன்றியல் நகரம், ஜான்-டலோன் சந்தையின் பின்பக்க ஒழுங்கை. ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். இனிப் பனியே கொட்டாது என்று ஊர் முழுக்க நம்பியிருக்க, இரவோடு இரவாகக் கொட்டித் தீர்த்திருந்தது.

கிடந்தவன் பெயர் பிரவின்குமார். சென்னையிலிருந்து படிக்க வந்தவன். சனி ஞாயிறுகளில் மரக்கறிக் கடையில் பெட்டி இறக்குவான். அவனைச் சுற்றித் தக்காளிகள் சிதறிக் கிடந்தன.

இடித்த கார் அங்கே இல்லை... போய்விட்டது.

ஆனால் பனியில் இரண்டு கோடுகளை விட்டுவிட்டுப் போயிருந்தது. இந்தக் காலத்துக் கார் எதற்கும் இல்லாத, மிக ஒடுங்கிய டயர்த் தடம்.

பிரவின்குமாரின் விரல் ஒன்று மெல்ல அசைந்தது.

* * *

திங்கள் பின்னேரம். பியர்பொன்ட்ஸில் ஒரு வீடு.

பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டி முடித்துவிட்டு வந்து விமலநாதன் தேத்தண்ணியை வாயில் வைத்த நேரம் பார்த்து ஃபோன் அலறியது.

"விமலண்ணை, றெனோல்ட் கதைக்கிறன்."

"சொல்லடா."

"உங்கடை காருக்கு நாலு சில்லும் மாத்துவம். ரயரும் புதுசு. நீங்கள் ஆசைப்பட்ட அலோய் சில்லு. இப்பவே வாங்கோ."

தேத்தண்ணி புரையேறியது.

காரணம் இருக்கிறது. விமலநாதனிடம் இருப்பது பழைய மொறிஸ் மைனர். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது, ஸ்டியரிங் வலப்பக்கம். குளிர்காலம் முழுக்க லாசாலில் றெனோல்ட்டின் கராஜில்தான் தூங்கும். அதற்கு அகலமான அலோய் சக்கரம் போட வேண்டுமென்று விமலநாதன் மூன்று குளிர்காலமாகக் கெஞ்சுகிறார். பழைய காரின் லட்சணத்தைக் கெடுக்க விடமாட்டேன் என்று றெனோல்ட் மூன்று குளிர்காலமாக மறுக்கிறான். இருபது வருட நட்பில் அவர்கள் முகம் சுளித்தது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

"ஜெகதீஸ்... றெனோல்ட் மனம் மாறிட்டான்."

குசினியிலிருந்து மனைவி ஜெகதீஸ்வரி எட்டிப் பார்த்தாள். அந்தக் காருக்கு அவள் வைத்திருந்த பெயர் சக்களத்தி.

"நல்லதுதானே. போய் மாத்திக்கொண்டு வாங்கோ" என்றாள்.

விமலநாதன் அவளை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். காய்ச்சல் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. டொயோட்டாச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

* * *

லாசால் கராஜ். நிலத்தில் இரண்டு செட் சக்கரங்கள் நின்றன. ஒன்று, இந்தக் காருக்கென்று றெனோல்ட் முன்பே வாங்கி வைத்திருந்த பழைய அளவு இரும்புச் சக்கரம், ஒடுங்கிய டயர். மற்றது பளபளக்கும் அலோய், அகலமான டயர்.

விமலநாதன் குந்தியிருந்து இரண்டையும் தடவிப் பார்த்தார். நகைக்கடையில் பெண்கள்கூட அவ்வளவு நேரம் எடுப்பதில்லை.

"டேய், அகலமான ரயர் போட்டா ஸ்ரியறிங்கை முழுசாத் திருப்பேக்கை மட்காட்டிலை உரசும் எண்டு நீதானே சொன்னனி?"

"உரசாது அண்ணை. கொஞ்சம் உள்ளுக்குப் போய் இருக்கிற சில்லாப் பாத்து எடுத்தனான்."

"ஸ்ரியறிங் இறுகும் எண்டனி. மழையிலை மிதக்கும் எண்டனி. ஒடுங்கின ரயர்தான் இந்தக் காருக்கு எண்டு சேர்ச்சிலை சத்தியம் பண்ணாத குறை."

"இப்ப வாற ரயர் நல்ல ரயர் அண்ணை. மெதுவா ஓடினாக் காணும்."

"எண்டாலும் யோசனையாக் கிடக்கு. அந்த ஒடுங்கினதையே புதுசாப் போட்டா என்ன?"

"வேண்டாம்."

சட்டென்று சொன்னான். விமலநாதன் நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லை அண்ணை... உங்கடை ஆசை. நான்தானே குறுக்காலை நிண்டனான். இனி நிக்கேல்லை."

விமலநாதனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நண்பன் என்றால் இவனல்லவா நண்பன். அலோயைக் கை காட்டினார். றெனோல்ட் மின்னல் வேகத்தில் மாட்டி முடித்தான்.

"முன் லைற்றும் புதுசு போலை கிடக்கு?"

"அது... வெடிச்சிருந்தது. மாத்திவிட்டன்."

"உனக்கு என்னிலை என்ன இவ்வளவு பாசமெடா?"

றெனோல்ட் கழற்றிய சக்கரங்களை வேகமாகக் குப்பைப் பக்கம் உருட்டினான்.

"எங்கை கொண்டு போறாய்?"

"எறியத்தான். ரயர் எல்லாம் வெடிச்சுப் போச்சு அண்ணை."

"விசரே உனக்கு? ரயர் போனா என்ன, சில்லு நல்ல சில்லு. என்ரை ஷெட்டிலை கிடக்கட்டும்."

"வேண்டாம் அண்ணை. சொன்னாக் கேளுங்கோ."

கேட்பாரா? கோடைக்கு ஒரு செட், பனிக்கு ஒரு செட் என்று இந்த மாகாணத்தில் எல்லா வீட்டு ஷெட்டிலும் டயர் அடுக்கிக் கிடக்கும். அதோடு நம்மவர்களுக்கு எதையும் எறிய மனம் வராது. ஐஸ்கிறீம் வாளியையே கழுவி வைக்கிறவர்கள் நான்கு இரும்புச் சக்கரத்தை விடுவார்களா? விமலநாதன் தானே தூக்கி டொயோட்டாவில் ஏற்றினார். றெனோல்ட் தடுக்க ஒரு அடி எடுத்து வைத்தான். வேறு வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்படியே நின்றுவிட்டான்.

வீட்டில் அவற்றைக் கண்ட ஜெகதீஸ்வரியின் முகம் வெளிறியது.

"இதையேன் இஞ்சை கொண்டந்தனீங்கள்?"

"ஷெட்டிலை ஒரு மூலையிலை கிடக்கும். உமக்கு என்ன செய்யுது?"

அவள் கதவை அறைந்து சாத்தினாள். சக்களத்திச் சண்டை என்று நினைத்து விமலநாதன் சிரித்தார்.

* * *

செவ்வாய் பின்னேரம் கதவு மணி அடித்தது.

வாசலில் ஒரு இளம் பெண். கறுப்புக் கோட். தெருவில் ஒரு பொலிஸ் கார், அதில் இன்னொருவர்.

"போன்ஜூர் அங்கிள். நான் துஷாந்தினி. மொன்றியல் பொலிஸ். உள்ளுக்கை வரலாமோ?"

"வாங்கோ பிள்ளை. என்ன விசயம்?"

அவள் உட்காரவில்லை. ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினாள். பனியில் இரண்டு ஒடுங்கிய கோடுகள்.

"ஞாயிறு விடிய ஒரு பெடியனை இடிச்சுப்போட்டு ஓடின கார். எந்தக் கார் எண்டு கண்டுபிடிச்சிட்டம். மொறிஸ் மைனர். இந்த ஊரிலை அது கொஞ்சப் பேரிட்டைத்தான் இருக்கு. உங்களிட்டையும் இருக்கு."

"என்ரை கார் கார்த்திகை மாதத்திலை இருந்து கராஜை விட்டு வெளியிலை வரேல்லை பிள்ளை."

"நேற்றுத்தான் அதுக்குச் சில்லு மாத்தியிருக்கிறீங்கள்."

விமலநாதன் குசினி வாசலில் நின்ற ஜெகதீஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார்.

"பழைய நாலு சில்லும் எங்கை அங்கிள்?"

"ஷெட்டிலை..."

"ஞாயிறு விடிய நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?"

அப்பாடா. இதற்குப் பதில் இருக்கிறது. விமலநாதன் மூச்சு விட்டார். "நித்திரை. கிழமை முழுக்க விடியக்காலமை எழும்பி பஸ் ஓடுறனான். ஞாயிறு மட்டும் ஒன்பது மணிக்கு முதல் கண் முழிக்கமாட்டன். வேணுமெண்டா இவவைக் கேளுங்கோ."

துஷாந்தினி திரும்பினாள். "அன்ரி?"

ஜெகதீஸ்வரி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"நான் எழும்பேக்கை... இவர் பக்கத்திலை இல்லை."

விமலநாதன் தன் காதை நம்பவில்லை.

"என்னப்பா சொல்லுறீர்?"

"உள்ளதைத்தானே சொல்லுறன். ஆள் கட்டில்லை இல்லை. எங்கை போனாரோ எனக்குத் தெரியாது."

முப்பது வருடம். ஒரே கட்டில், ஒரே போர்வை. அவருடைய குறட்டையைப் பற்றிச் சொந்தக்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தவள். அதே வாய் இப்போது அவர் படுத்திருக்கவே இல்லை என்கிறது. விமலநாதனுக்கு நெஞ்சு வலித்தது. பயம் அப்புறம்தான் வந்தது. பஸ் வேலை போகும். கைவிலங்கு விழும். பத்திரிகையில் படம் வரும்.

"ஷெட்டைத் திறவுங்கோ அங்கிள்."

* * *

துஷாந்தினி கையுறை போட்டுக்கொண்டு ஒரு சக்கரத்தை வெளிச்சத்துக்கு உருட்டினாள். டார்ச் அடித்தாள். டயரின் வெடிப்புக்குள் ஏதோ சிவப்பாக ஒட்டியிருந்தது.

"ரத்தம்..." என்றார் விமலநாதன்.

அவள் ஒரு ஊசியால் கிளறி எடுத்தாள். மஞ்சள் தோல். ஒரு விதை. அதன்மேல்தான் சிவப்பு. மெல்ல மோந்து பார்த்தாள்.

"ரத்தமில்லை அங்கிள். குங்குமம். எலுமிச்சம்பழத்தை வெட்டி, குங்குமம் தடவி, காரை ஏத்தியிருக்கினம். நீங்களோ?"

"நான் இல்லை... இந்தக் காருக்கு நான் ஒருநாளும் வைச்சதில்லை."

"அப்ப றெனோல்ட் அங்கிளோ?"

"அவன் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன் பிள்ளை. அவனுக்கு உதெல்லாம் தெரியாது. கழிப்புக் கழிக்கிறதெண்டா..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

போன வருடம் ஜெகதீஸ்வரி டொயோட்டாவில் ஒரு ரக்கூனை அடித்துவிட்டு வந்தாள். வீட்டுக்குள் நுழையுமுன் எலுமிச்சம்பழத்தை வெட்டிக் குங்குமம் தடவி, நாலு சில்லுக்கும் கீழே வைத்து ஏற்றினாள். இல்லாவிட்டால் உயிர்ப்பழி வீட்டுக்குள் வருமாம். ரக்கூனுக்கே அந்தப் பரிகாரம் என்றால்...

ஞாயிறு விடியக் கோயிலுக்கென்று போனவள் அவள்.

கட்டிலில் இல்லாமல் இருந்தது அவர் இல்லை. அவள்!

விமலநாதன் மெல்லத் திரும்பினார். ஷெட் வாசலில் ஜெகதீஸ்வரி நின்றாள். இருவர் கண்ணும் சந்தித்தன. அவள் கண்ணில் கண்ணீர் இருந்தது.

ஒரு வசனம் போதும். சொன்னால் அவள் உள்ளே போவாள். சொல்லாவிட்டால் அவர் போவார். விமலநாதன் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார்.

"நான்தான் பிள்ளை காரை ஓடினனான். என்னைக் கொண்டு போங்கோ."

சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். இப்போதாவது சொல்வாள். ஓடி வந்து, இல்லை நான்தான் என்று கத்துவாள். அந்த ஒரு சொல்லுக்காக அவருடைய உடம்பே காதாகிக் காத்திருந்தது.

ஜெகதீஸ்வரி குனிந்து நிலத்தைப் பார்த்தாள்.

அவ்வளவுதான்.

அப்போதுதான் விமலநாதன் அழுதார். இவளுக்காகவா கையை நீட்டினேன் என்று மனம் கசந்தது.

துஷாந்தினி விலங்கை எடுத்தாள். அவரைக் கடந்து நேரே போனாள்.

"அன்ரி, கையைத் தாங்கோ."

ஜெகதீஸ்வரி துள்ளி விழுந்தாள். "என்னையேன்? அவர்தானே சொல்லுறார்..."

"பிரவின்குமார் நேற்றுப் பின்னேரம் கண் முழிச்சிட்டார். சாகேல்லை. வலப்பக்கச் சீற்றிலை இருந்து காரை ஓடினது சேலை கட்டின ஒரு அம்மா, பக்கத்திலை ஒரு ஐயா, அவர் இறங்கி வந்து தன்னைப் பாத்திட்டுத் திரும்பி ஏறினவர் எண்டு சொல்லிப்போட்டார்."

"றெனோல்ட்..." விமலநாதன் முணுமுணுத்தார்.

"ஓம் அங்கிள். காலமையே பிடிச்சிட்டம். எல்லாத்தையும் கக்கிட்டார். நான் வந்தது சில்லைத் தேடி. அதோடை, அன்ரி என்ன சொல்லுறா எண்டு கேக்கவும்தான்."

"எங்கை கொண்டு போனீர் என்ரை காரை?" விமலநாதன் மனைவியிடம் கேட்டார்.

"விக்க."

"என்னது?"

"சந்தைக்குப் பக்கத்திலை ஒரு ஆள் வாங்கக் கேட்டவர். றெனோல்ட்தான் பிடிச்சுத் தந்தான். கராஜிலை களவு போயிட்டுது எண்டு உங்களுக்குச் சொல்லுவம் எண்டு இருந்தம்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வித்திருப்பீங்களோ? உங்களுக்கு நான் பெஞ்சாதியோ, அது பெஞ்சாதியோ எண்டு எனக்கே தெரியேல்லை. ஒருக்கா நானே ஓடிப் பாப்பம் எண்டு ஸ்ரியறிங்கைப் பிடிச்சன்... எல்லாம் பிழைச்சுப் போச்சு."

"அதுக்கு என்னை மாட்டிவிடுறதோ?"

"உங்களுக்கு நல்ல பேர் இருக்கு. பள்ளிக்கூட பஸ் ஓடுற மனிசன். விட்டிடுவினம் எண்டு நினைச்சன்."

விமலநாதனுக்கு இனிக் கேட்க என்ன இருக்கிறது? காரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நண்பனிடம் கொடுத்தார். வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மனைவியிடம் கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து அவரைத்தான் விற்றிருந்தார்கள்.

பொலிஸ் காரின் பின் சீட்டில் ஜெகதீஸ்வரியை ஏற்றினார்கள். துஷாந்தினி ஸ்டியரிங்கைப் பிடித்துப் பின்னுக்கு எடுக்கத் தொடங்கினாள். பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பிள்ளை, ஒடிச்சு எடும். அந்தப் பக்கம் பனி கிடக்கு. கண்ணாடியைப் பாரும். மெல்ல... மெல்ல..."

துஷாந்தினி பிரேக்கை அழுத்திவிட்டு ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். வாசலில் நின்ற விமலநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அவ சொல்லுறதைக் கேக்காதேங்கோ பிள்ளை. அவ சொன்னபடி நான் கார் ஓடியிருந்தா, முப்பது வருசத்துக்கு முன்னமே உள்ளுக்கை போயிருப்பன்!"