நீலத்திரையும் முடிவெட்டப் போன யானையும்

விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் பட்டாசின் வீட்டில் முதலில் மாட்டிக்கொள்வது சோபாதான். தரையில் கிடக்கும் சாக்ஸ், சீப்பு, பந்து எல்லாம் ஒரே நிமிடத்தில் அதன் மெத்தைக்கு அடியில் போய்விடும். வீடு பளிச்சென்று ஆகிவிடும்!

பட்டாசு என்பது அவளுக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயர். மனதில் ஒன்று தோன்றிவிட்டால் போதும், படபடவென்று கொட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

அன்று வந்தவர் அவளுடைய மாமா. கல்யாணம் ஆனபிறகு முதல் தடவையாக அத்தையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"அத்தை, நானும் தம்பியும் ஒரு படம் எடுத்திருக்கோம்! முடி வெட்டிக்கப் போற யானையோட கதை. இப்பவே போடட்டுமா?"

"அடியே, அவங்க முதல்ல உக்காரட்டும்," என்றாள் அம்மா.

களிமண் யானையைத் துளித் துளியாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் படம் பிடித்து, விடுமுறை முழுவதும் பாடுபட்டு எடுத்த படம் அது. லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. திரும்ப எடுக்கவும் முடியாது. தம்பி அந்த யானையைப் பிசைந்து ஆமை செய்துவிட்டான்.

மாமா சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். பட்டாசு அவர் முன்னால் லேப்டாப்பை வைத்து முடுக்கினாள். வழக்கமான பூப்படம் வரவில்லை. நீல நிறத்தில் ஏதோ ஒரு பக்கம் வந்தது.

"ஐயையோ, இது என்ன மாமா?"

மாமாவுக்குக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில்தான் வேலை. அதுவும் அத்தை பக்கத்திலேயே இருக்கிறார். கேட்கவா வேண்டும்? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"இது ஃபர்ம்வேர் செட்டிங்ஸ். கம்ப்யூட்டர் முழுசா முழிக்கிறதுக்கு முன்னாடி பாக்கிற பக்கம். வெளியே வர்றது ரொம்ப சுலபம். இதோ பாரு."

அம்புக்குறியை அழுத்தினார். ஒன்றும் நகரவில்லை. மறுபடி அழுத்தினார். ம்ஹூம். எரிச்சலில் பத்துப் பன்னிரண்டு தடவை அழுத்தியதும் மஞ்சள் கோடு திடுதிப்பென்று நாலு வரி தாண்டிப் போய் நின்றது.

"ஆமை! ஆமை!" என்று தம்பி கைதட்டினான்.

மாமா லேப்டாப்பை அணைத்துப் போட்டார். மறுபடியும் அதே நீலம், அதே மந்தம். அவர் முகம் சுருங்கியது.

"சரிப்பட்டு வராது. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்திட வேண்டியதுதான்."

பட்டாசு லேப்டாப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "எல்லாத்தையும்னா… யானையுமா?"

"வேற வழி தெரியலைடா கண்ணு," என்று வருத்தமாகச் சொல்லிவிட்டு, வண்டியில் இருந்த பென்டிரைவை எடுக்க மாமா எழுந்து போனார்.

பட்டாசு அழுகையை அடக்கிக்கொண்டு அம்புக்குறியைத் தொட்டாள். கோடு சட்டென்று ஒரு வரி இறங்கியது. இன்னொரு தடவை தொட்டாள். இன்னொரு வரி!

"மாமா! ஓடி வாங்க! சரியாயிடுச்சு!"

மாமா ஓடி வந்து தொப்பென்று உட்கார்ந்தார். அழுத்தினார். அசையவில்லை.

"பாத்தியா? இப்படித்தான் ஆசை காட்டி ஏமாத்தும்."

பட்டாசு லேப்டாப்பைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். மாமா இல்லாதபோது ஓடுகிறது. மாமா உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது. ஏன்?

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதே லேப்டாப்போடு இணைத்து வைத்திருக்கும் அம்மாவின் ஒயர் இல்லாத கீபோர்டு! காலையில் அவசர அவசரமாக அதை இந்த மெத்தைக்கு அடியில் செருகியது அவளேதான். மாமா அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். ஒரே நேரத்தில் எத்தனை பொத்தான்கள் அமுங்கியிருக்கின்றனவோ! பாவம் லேப்டாப், அது யார் பேச்சைத்தான் கேட்கும்?

"மா…" என்று வாயைத் திறந்தாள்.

அத்தை மாமாவையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் நெற்றியில் வியர்வை. இப்போது போய் 'நீங்கள்தான் காரணம்' என்று போட்டு உடைத்தால் மாமாவுக்கு எப்படி இருக்கும்? பட்டாசு வாயை மூடினாள். அப்பப்பா, அது எவ்வளவு கஷ்டம்!

"மாமா, இங்க இருட்டா இருக்கு. ஜன்னல் பக்கம் அந்த நாற்காலில உக்காந்து கடைசியா ஒரு தடவை பாருங்களேன். ப்ளீஸ்!"

"எங்க உக்காந்தா என்ன? ம்… சரி, உனக்காக."

மாமா லேப்டாப்போடு நாற்காலிக்கு மாறினார். பட்டாசு மெத்தைக்கு அடியில் கையை விட்டுக் கீபோர்டை உருவினாள். முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, நண்டு மாதிரி சுவரோரமாகவே நகர்ந்து உள்ளே போய் வைத்துவிட்டு வந்தாள்.

அதற்குள் மாமா துள்ளிக் குதித்தார். "ஓடுது! வெண்ணெய் மாதிரி ஓடுது!"

லேப்டாப் அணைந்து எழுந்தது. பூப்படம் வந்தது. அப்புறம் யானையும் வந்தது!

நாற்காலி கொள்ளாமல் யானை உட்கார்ந்தது. முடிவெட்டுபவர் தலையெல்லாம் தேடிக் கடைசியில் வாலின் நுனியில் நாலு முடியைக் கண்டுபிடித்தார். அத்தை சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரை ஏறியது. பட்டாசுக்கு அப்படியே பறப்பது போல இருந்தது.

படம் முடிந்ததும் அத்தை கேட்டார். "உங்க மாமா கெட்டிக்காரர்தான், இல்ல?"

"ஆமா அத்தை," என்றாள் பட்டாசு. அவ்வளவுதான், மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா கவலையோடு அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மாமா தொண்டையைச் செருமினார். "கெட்டிக்காரன் நான் இல்ல. கீபோர்டு மேல உக்காந்துக்கிட்டு லேப்டாப்பைக் குறை சொன்னவன்தான் நான். குத்துச்சு. உங்க வீட்டு சோபா எப்பவுமே குத்துமேன்னு விட்டுட்டேன். சுவரோரமா ஒரு நண்டு போச்சே, அப்பதான் எனக்கு விளங்குச்சு!"

வீடே அதிரும்படி எல்லோரும் சிரித்தார்கள். மாமாதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

"நான் சொல்லவே இல்லையே மாமா!"

"அதுதான்டா செல்லம், எனக்கு ரொம்பப் பிடிச்சது," என்று மாமா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"யானையை இன்னொரு தடவை போடு!" என்றார் அத்தை.

பட்டாசு போட்டாள். இந்தத் தடவை மாமா சோபா பக்கமே போகவில்லை. தரையில் கையால் நன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் உட்கார்ந்தார்.