ஏழு மணிக்குப் பூட்டிய லேப்டாப்

'பிப்ரவரி 11, புதன். தவறு: பூட்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது என்று நினைத்து அதை மாற்றிப் பார்த்தேன். பூட்டு மதர்போர்டு சிப்பில் இருக்கிறது. இருபது நிமிடம் வீண்.'

அவள் நோட்டை மூடுவதற்குள்...

"என்னம்மா, பரீட்சை எழுதறியா? லேப்டாப்பைத் திற!"

இன்ஸ்பெக்டர் மேஜையில் அடித்தார். திருகாணி டப்பா எகிறியது.

அவள் மெக்கானிக். பகலில் இந்த ரிப்பேர் கடை, சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்பு. எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பாள். மூன்றாவது தடவை தன்னையே சந்தேகப்படுவாள்.

இன்ஸ்பெக்டருக்கு அந்த மாதிரி கெட்ட பழக்கமெல்லாம் கிடையாது!

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, ஒரு பார்சல் ஆபீசில் பார்ட்னர் ஒருவர் மண்டை உடைந்து செத்துப்போனார். ஞாயிறு காலை, ஆபீஸ் டிரைவரின் கட்டிலுக்கடியில் ஆபீஸ் லேப்டாப்!

இன்ஸ்பெக்டர் அதோடு யோசிப்பதை நிறுத்திக்கொண்டார்.

அந்த டிரைவர்தான் இப்போது கடை மூலையில்... ஸ்டூலில்... கைவிலங்கோடு. உதடு கிழிந்திருந்தது. நாலு மணிக்குக் கோர்ட். உள்ளே போனால் வெளியே வருவது சந்தேகம்.

ஃபேனுக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் முதலாளி. செத்தவரின் கூட்டாளி. துக்கத்தைக் காலையிலேயே ஷேவ் செய்து எடுத்திருந்தார்.

"போலீஸ் கேஸ்தானேம்மா, ரிப்பேருக்கு சார்ஜ் கிடையாதில்ல?"

"கிடையாது சார்."

"அதான் நானே இன்ஸ்பெக்டர் சாரைக் கெஞ்சி இங்க கூட்டிட்டு வந்தேன். கேஸ் முடிஞ்சா எனக்கு ஒரு லேப்டாப் மிச்சம் பாரு!"

பார்ட்னர் போய் நாலு நாள். மனுஷன் மிச்சத்தில் இருந்தார்.

"பாஸ்வேர்டு சார்?"

"மறந்துபோச்சும்மா."

"அவர் சாமர்த்தியத்தைக் கேளு," என்றார் இன்ஸ்பெக்டர், ஏதோ தன் சாமர்த்தியம் போல. "டிரைவர் லேப்டாப்பைத் தூக்கறான்னு பார்ட்னர் போன் பண்ணியிருக்கார். இவர் வீட்டுல சோஃபாவுல உட்கார்ந்தபடியே செல்போன்ல லேப்டாப்பைப் பூட்டிட்டார். மணி சரியா ஏழு! இவன் அங்க கொலை பண்ணிட்டிருக்கான், இவர் இங்க பட்டனைத் தட்டிட்டிருக்கார்!"

"சார், அந்தப் பெட்டி..." டிரைவர் எழுந்தான்.

"வாயை மூடுடா!"

டிரைவர் உட்கார்ந்தான். கிழிந்த உதடு எப்படிக் கிழிந்தது என்று அவளுக்குப் புரிந்தது.

லேப்டாப்பை மறுபடி ஆன் செய்தாள். கறுப்புத் திரை. 'திருட்டுத் தடுப்பு இந்தக் கம்ப்யூட்டரை முடக்கியுள்ளது.' அதன் கீழே, பொடி எழுத்தில், காரணம்.

படித்தாள்.

திரும்பப் படித்தாள்...

தப்பாகப் புரிந்துகொள்கிறேனோ? ஹார்ட் டிஸ்க்கில் கோட்டை விட்டவள்தானே நான்? செல்போனை எடுத்து அந்த சாஃப்ட்வேர் கம்பெனியின் பக்கத்தைத் தேடினாள். படித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

"சார்..." முதலாளி பக்கம் திரும்பினாள். "பூட்டினதும் கம்பெனியிலேர்ந்து மெயில் வந்துச்சா?"

"வராம?" முதலாளி காலை ஆட்டினார். "ரெண்டே செகண்ட்! 'பூட்டியாச்சு, நன்றி'ன்னு போட்டிருந்தான். மரியாதை தெரிஞ்சவன்!"

"அந்தக் கம்பெனி இந்த சர்வீஸையே இழுத்து மூடி ஒன்றரை வருஷம் ஆச்சு சார்."

ஆடிய கால் நின்றது.

"என்னம்மா உளர்றே?" இன்ஸ்பெக்டர் செல்போனைப் பிடுங்கினார். உதடசைத்துப் படித்தார். புரிய ஒரு நிமிடம் ஆனது... கோபம் வர அரை நொடி!

"அப்போ இது எப்படிப் பூட்டிச்சு?"

"தானாவே சார். கம்பெனி சர்வர்கிட்டேர்ந்து ஒரு மாசம் சேதி வரலைன்னா தானே பூட்டிக்கும். காரணம் இங்க போட்டிருக்கு பாருங்க. 'கெடு முடிந்தது'. யாராவது பூட்டச் சொல்லியிருந்தா, 'திருட்டுப் புகார்'னு காட்டியிருக்கும். சர்வரே இல்லாதப்போ சனிக்கிழமை யாராலயும் பூட்டியிருக்க முடியாது. இது எப்பவோ செத்த பெட்டி சார்!"

"அதைத்தான் மூணு நாளா சொல்ல வரேன்!" டிரைவர் கத்தினான். "ஒரு வருஷத்துக்கு மேல ஸ்டோர் ரூம்ல ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்து வெச்சிருந்தாங்க! சொல்ல வாயைத் திறந்தா அடிக்கிறீங்க!"

இன்ஸ்பெக்டர் இருமினார். மன்னிப்பு கேட்பதற்குப் பதிலாகச் சிலர் இருமுவார்கள்.

பிறகு மெல்லத் திரும்பினார்.

"முதலாளி... அந்த மெயிலைக் காட்டுங்க."

"அ... அழிச்சுட்டேன்."

"சரி. பூட்டவே இல்லை. அப்போ ஏழு மணிக்கு எங்கே இருந்தீங்க?"

"வீட்டுல... சோஃபாவுல..."

"சும்மா உட்கார்ந்திருந்தீங்களா? கொலை பண்ணிட்டு, பழி போட ஒரு பொருளைக் கொண்டுபோய் வெச்சது நீங்க! அதுவும் ஒரு செத்த பெட்டியை! ஆபீஸ்ல நாலு நல்ல லேப்டாப் இருக்கே, அதுல ஒண்ணை வெச்சிருந்தா இந்தப் பொண்ணுகிட்ட மாட்டியிருப்பீங்களாய்யா?"

முதலாளிக்குப் பொறுக்கவில்லை! வியர்வையைத் துடைத்துக்கொண்டு சீறினார்.

"நல்லா ஓடற லேப்டாப்பைக் கொண்டுபோய் எவனாவது டிரைவர் கட்டிலுக்கடியில வெப்பானா சார்? என்ன விலை தெரியுமா?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

இன்ஸ்பெக்டர் வாசலைப் பார்த்துக் கத்தினார்.

கான்ஸ்டபிள் ஓடி வந்தார். சாவி திரும்பியது. ஒரு ஜோடி கையிலிருந்து இன்னொரு ஜோடி கைக்கு விலங்கு மாறியது. டிரைவர் மணிக்கட்டைத் தேய்த்தபடி அவள் முன்னால் நின்றான். கும்பிட்டுவிட்டு ஓடினான்... வீட்டுப் பக்கம்!

"எனக்கு முதல்லயே சந்தேகம்தாம்மா," என்றார் இன்ஸ்பெக்டர், போகிற போக்கில்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் அவள் நோட்டை எடுத்தாள்.

'பிப்ரவரி 12, வியாழன். வேலை: லேப்டாப் இன்னும் திறக்கவில்லை. சிப்பைக் கழற்றி மாற்ற வேண்டும். அவசரமில்லை. கஸ்டமர் வந்து வாங்கிப்போக எப்படியும் பதினாலு வருஷம் ஆகும்.'