பாலத்தின் மேல் இரண்டு புள்ளிகள்

காலையில் முதல் வேலை காந்தத்தைத் துடைப்பது. முன்சக்கரத்தின் ஆரக்கம்பியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு காந்தம் இருக்கிறது. சக்கரம் ஒருமுறை சுற்றினால் அது உணரியை ஒருமுறை கடக்கும். கைப்பிடியில் உள்ள தடங்காட்டி அதை எண்ணும். சேறு ஒட்டியிருந்தால் எண்ணிக்கை தவறிவிடும். பிறகு டைனமோ ஒயர், திரையின் ரப்பர் உறை, பின்னால் கட்டியிருக்கும் குளிர்ப்பெட்டி. எல்லாம் முடிந்ததும் திரைக்கு அருகே குனிந்து “வீட்டுக்கு” என்று சொல்ல வேண்டும். அதன்பின் நான் பேசுவதைக் கருவி எழுத்தாக்கி அனுப்பும். வீட்டில் அதை என் குரலிலேயே படித்துக் காட்டும்.

“அம்மா, ரெஜி பேசுறேன். சாப்பிட்டேன். தூங்குனேன். இன்னைக்கு அண்ணனப் பாத்துடுவேம்மா, நெசமாத்தான். அவன் புள்ளி நாப்பது கிலோமீட்டர் முன்னாடி ஆத்துக்கிட்ட நிக்குது. நேத்து சாயந்தரத்துலேருந்து நகரல.”

அம்மா முகாமின் பொதுக் கருவிக்குப் பக்கத்திலேயே காத்திருந்திருக்க வேண்டும். பதில் உடனே வந்தது.

“பாத்ததும் மொதல்ல அவன் பல்லக் கேளு. கடவாப் பல்லு வலிக்குதுன்னு ஒரு வருசமா சொல்லிக்கிட்டே இருக்கான். புடுங்கித் தொலைச்சானான்னு கேளு.”

நான் பிறப்பதற்கு முன்பே செயற்கைக்கோள்கள் அணைந்துவிட்டன. மோட்டார் வண்டிகளும் நெடுஞ்சாலையிலிருந்து போய்விட்டன. தடுப்பூசி, ரத்தம், விதை எல்லாம் இப்போது சைக்கிளில்தான் போகின்றன. தடங்காட்டி சக்கரத்தின் சுற்றுகளை எண்ணி, திசையைச் சேர்த்து, நாம் இருக்கும் இடத்தைக் கணக்கிடும். இருபத்தைந்து கிலோமீட்டருக்கு ஒரு தடத்தூண் நிற்கிறது. அதைக் கடக்கும்போது கணக்கு சரிபார்க்கப்படும். நடுவில் எண்ணிக்கை விட்டுப்போயிருந்தால் கருவியே ஒரு நேர்கோடு போட்டுக்கொள்ளும். அதற்கு ‘நிரப்பு’ என்று பெயர்.

பேச்சுக்கும் அதே நிரப்புதான். வீட்டிலிருந்து கேட்டதற்கு இருபது நொடிக்குள் நாம் வாய் திறக்காவிட்டால், நம் பழைய பேச்சிலிருந்தும் நாம் நிற்கும் இடத்திலிருந்தும் எடுத்து அது ஒரு பதிலை அனுப்பிவிடும். வீட்டார் கவலைப்படக் கூடாதாம். முன்பெல்லாம் அப்படி நிரப்பிய வரியின் முடிவில் ஒரு நட்சத்திரக் குறி இருக்குமாம். அதைப் பார்த்தால் மனது கஷ்டமாயிருக்கிறது என்று வீட்டார்களே மனுக் கொடுத்து எடுக்க வைத்தார்கள்.

நாகைக் கரையைக் கடல் கொண்டபின் நாங்கள் பச்சைமலை முகாமில் இருக்கிறோம். முகாமின் சட்டம் ஒரே வரி: ஒரு புள்ளிக்கு இரண்டு பேர். தடத்தில் ஒரு புள்ளி நகர்ந்துகொண்டிருந்தால் இரண்டு பேருக்கு அறை, தண்ணீர், ரேஷன். புள்ளி மூன்று நாள் நின்றால் அந்த இடம் வரிசையில் இருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். அண்ணன் சகாயராஜின் புள்ளியில் அண்ணியும் குழந்தையும் இருக்கிறார்கள். என் புள்ளியில் அம்மா.

அண்ணன் கிளம்பியபோது அண்ணிக்கு மூன்று மாதம். அடுத்து நான் பதினெட்டு முடிந்ததும் பெயர் கொடுத்தேன். அம்மாவுக்காக என்று சொல்லிக்கொண்டாலும் உண்மைக் காரணம் வேறு. அண்ணன் பேச்சில் ஏதோ சரியில்லை. கேட்டால் பதில் வரும்; தானாகப் புதிதாக ஒன்றும் வராது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது என்ன பெயர் என்று அண்ணி கேட்டதற்கு, “நீங்களே பாத்து வைங்க” என்று வந்தது. கிளம்பும் முன்னாலேயே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று முகாம் கதவின் பின்பக்கம் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போனவன் அவன்.

பதினோரு மாதமாக அவன் தடமும் என் தடமும் சேரவில்லை. நாமாக விலகிப் போக முடியாது. தடங்காட்டி போட்ட கோடுதான் பாதை. இன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரே கோடு.

வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும் என்று மிதித்தேன். பருத்திக் காடுகள் முடிந்து, பைன்கங்கா ஆற்றின் காற்று முகத்தில் பட்டபோது மணி எட்டு. ஆற்றின் மேல் வெள்ளைப் பனி தேங்கியிருந்தது. நான் சாலையைப் பார்க்கவேயில்லை. திரையில் அண்ணனின் புள்ளி இருநூறு மீட்டரில் இருந்தது. நூறு. அறுபது. “பாலம். நேராகச் செல்லவும்” என்றது கருவி. கோடு பாலத்தின் மேல் தடித்துக் கறுப்பாக ஓடியது. எத்தனையோ பேர் போய்வந்த தடம் என்றால்தான் அவ்வளவு தடிப்பாகத் தெரியும்.

“ஏட்டி! நில்லு! நில்லுன்னா நில்லு, செவிடா நீ?”

இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்ததில் பின்சக்கரம் தூக்கியது. பாலத்தின் வாயில், நாற்பது வயது இருக்கும் ஒரு பெண் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். தலையில் துண்டு, காலில் கிழிந்த ரப்பர் செருப்பு.

“எங்க பறக்க? மேல வழி கெடையாது. நடுவுல பாலமே இல்ல.”

“கருவி நேராப் போவச் சொல்லுதுக்கா.”

“அது சொல்லும். அதுக்கென்ன, அதுவா வந்து விழப்போவுது?”

என் கண் அண்ணனைத் தேடியது. திரையில் அவன் புள்ளி என்னிடமிருந்து நான்கு மீட்டரில் இருந்தது. அங்கே அந்த அக்காவின் சைக்கிள் மட்டும் சாய்ந்து நின்றது. அதன் கைப்பிடியில் ஐந்து தடங்காட்டிகள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. ஐந்து ஒயர்களும் ஒரே சக்கரத்தை நோக்கி இறங்கின. மூன்றாவதன் உறையில் மையால் எழுதிய பெயர், பக்கத்தில் சின்னதாக ஒரு நங்கூரம். அண்ணன் பள்ளிக்கூட நோட்டிலிருந்து எல்லாவற்றிலும் போடும் நங்கூரம்.

“இது எங்கண்ணன்து.”

அவள் விரித்திருந்த கைகளை மெல்ல இறக்கினாள்.

“நீ ரெஜினாவா? பல்லு வலிக்காரன் தங்கச்சி?”

நான் தலையாட்டினேன்.

“தெனமும் உங்கம்மா பேசுறது என் காதுலதான விழுது. நான் இசக்கி. இதுல ஒண்ணு என்னோடது, மிச்சம் நாலும் சுமப்பு, அடுத்தவங்களுக்காகச் சுமக்கேன். ஒக்காருட்டி.”

நான் உட்காரவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள்.

“போன வருசம் இதே மாசந்தான். உன்னை மாதிரியே பனிக்குள்ள. நான் பத்து நிமிசம் பிந்தி வந்தேன். சத்தங் கேட்டுச்சி, ஆளக் காணும். பரிசல்காரந்தான் எறங்கித் தூக்கினான். உசிரு இல்ல. இது மட்டும் கீழ பாறையில கெடந்து ‘நேராகச் செல்லவும், நேராகச் செல்லவும்’னு கத்திக்கிட்டு இருந்துச்சி.”

“அப்புறம் ஏங்க்கா எங்களுக்குச் சொல்லல?”

“சொன்னா? புள்ளி நின்னுரும். அன்னைக்குச் சாயந்தரமே அவன் பொஞ்சாதி பேசுனா, புள்ள பொறந்துருக்குன்னு. நான் அவன் கருவியக் கையில வச்சிக்கிட்டு முழிக்கேன். வாயத் தொறக்கல. அதுவே பேசிட்டுது, ‘சந்தோசம், ஒடம்பப் பாத்துக்கோ’ன்னு. மறுநாளு காலையில என் வண்டியில கட்டிக்கிட்டேன்.”

நடுவில் உடைந்த பாலம் ஏன் இன்னும் வரைபடத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லாரும் சைக்கிளைப் பரிசலில் ஏற்றிக் கடக்கிறார்கள். பரிசலில் சக்கரம் சுற்றாது. அக்கரையில் தூணைத் தொட்டதும் கருவி விட்டுப்போன இடத்தை நேர்கோட்டால் நிரப்பும். நேர்கோடு பாலத்தின் மேல்தான் போகும். ஒவ்வொருவர் கடக்கும்போதும் இல்லாத பாலம் இன்னும் கொஞ்சம் தடிக்கிறது.

ஒவ்வொரு தடங்காட்டியின் பக்கவாட்டிலும் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. ‘வழி முறிவு’. என் விரல் அங்கே போனதை இசக்கி அக்கா பார்த்தாள். தடுக்கவில்லை.

“அமுக்கு. ஆனா கேட்டுக்கிட்டு அமுக்கு. அமுக்கினா தடத்த மூடிருவானுவ. மேல இருந்து ஆளு வந்து பாத்து வேற கோடு போடணும். மலைச்சரிவுல ஒருக்கா அமுக்கினோம், ஒம்பது நாளு ஆச்சி. இன்னைக்கு இந்தத் தடத்துல எத்தன புள்ளின்னு பாரு.”

திரையின் மூலையில் இருநூற்றுப் பன்னிரண்டு என்றிருந்தது.

“ஒண்ணுக்கு ரெண்டு பேரு. நீயே பெருக்கிக்கோ. வாரவனுவ புள்ளிய மட்டுமா எண்ணுவானுவ? ஆளையும் எண்ணுவானுவ. உங்க அண்ணியும் புள்ளையும் வெளிய.”

“இங்க இதுவரைக்கும் எத்தன பேருக்கா?”

“எனக்குத் தெரிஞ்சி மூணு.” அவள் பாலத்தின் கைப்பிடிச் சுவரைக் காட்டினாள். அங்கே ஒரு துணி கட்டியிருந்தது. “செவப்புதான் கட்டினேன். வெயிலுக்கு வெளுத்துப் போவுது. வரும்போதெல்லாம் நின்னு மாத்துதேன். நேத்து மாத்த வந்தேன், துணி நீளம் பத்தல; இருட்டிப் போச்சின்னு இங்கயே தங்கிட்டேன்.”

பனிக்குள் அந்த வெள்ளைத் துணி இருந்ததே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கரை மேட்டில் ஒரு கல் இருந்தது. மேலே ஆரக்கம்பிகளை வளைத்துச் செய்த ஒரு சிலுவை. “நீங்க சிலுவைதான போடுவீங்க? பரிசல்காரன்ட்ட சொல்லி உங்கண்ணன் வண்டியிலயே எடுத்துச் செஞ்சேன்” என்றாள் இசக்கி அக்கா. நான் அதன் முன்னால் முட்டிபோட்டேன். முகாமில் அண்ணி குழந்தைக்குக் கஞ்சி ஊட்டும் நேரம் இது என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

எழுந்து வந்து என் சிவப்புத் துப்பட்டாவைக் கழற்றி, சாலையின் குறுக்கே முகத்தில் இடிக்கிற உயரத்தில் கட்டினேன். பொத்தானை அமுக்கவில்லை.

பிறகு அண்ணனின் தடங்காட்டியை அவிழ்த்து என் கைப்பிடியில் வைத்துக் கட்டினேன். இசக்கி அக்கா உணரியை என் காந்தத்துக்கு நேரே பொருத்திக் கொடுத்தாள். “நாலு மிதி மிதிச்சாப் பழகிரும்” என்றாள்.

இரண்டு சைக்கிள்களையும் பரிசலில் ஏற்றினோம். நடு ஆற்றில் அண்ணாந்து பார்த்தபோது, உடைந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் வானம் தெரிந்தது. அக்கரையில் ஏறித் தூணைக் கடந்தோம். இரண்டு திரைகளும் ஒரே நேரத்தில் ஒலித்தன. பாலத்தின் மேல் இரண்டு புள்ளிகள் நேராகக் கடந்து வந்திருந்தன. கோடு முன்பைவிடக் கறுத்திருந்தது.

அப்போது அண்ணனின் கருவியில் “ரெஜி வந்துட்டாளாடா?” என்று அம்மா கேட்டாள். நொடிகள் தீர்ந்ததும் அது தானாகப் பேசத் தொடங்கியது. அதே குரல், வார்த்தைக்கு முன்னால் மூக்கை உறிஞ்சும் அதே பழக்கம்.

“அம்மா, ரெஜியப் பாத்துட்டேன். பக்கத்துலதான் நிக்கிறா. நல்லா இருக்கா. கொஞ்சம் இளைச்சிருக்கா.”

சற்று நேரத்தில் என் கருவியில் அம்மா வந்தாள். சிரிப்பும் அழுகையும் கலந்து மூச்சு வாங்கியது. பின்னால் குழந்தை எதையோ தட்டும் சத்தம்.

“ரெஜி, பாத்துட்டியா? மாதாவே! ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க. அவன் பல்லக் கேட்டியா? கேட்டியாடி?”

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. திரையின் ஓரத்தில் நொடிகள் ஓடின. பன்னிரண்டு. பதினாறு. இசக்கி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருபது.

என் கருவி என் குரலில் சொன்னது:

“கேட்டேம்மா. இப்ப வலி இல்லியாம்.”